ஆம்பூர் பந்தியில் என் புட்டிங்

ஊர் சுற்றிப் பார்ப்பதற்காக நான் ஆம்பூருக்குப் போகவில்லை. மகளைக் கட்டிக்கொடுக்கப் போனேன். மலேசியாவின் கிள்ளானில் எங்கள் ஜமாஅத்து மாத இதழில் சமையல் பக்கம் எழுதுகிறவள் நான். "போயிட்டு வந்து ஒரு பயணக் கட்டுரை குடுங்க" என்று ஆசிரியர் கேட்டிருந்தார். கோட்டை, மலை, பள்ளிவாசல் என்று எழுதுவேன் என நினைத்திருப்பார். வேலூர்க் கோட்டையைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். பெரிய கோட்டைதான். எனக்கு வேறு வேலை இருந்தது.

என் கணவர் இறந்த பிறகு கிள்ளான் இரவுச் சந்தையில் மாம்பழப் புட்டிங் விற்று வளர்த்த பெண் நஸ்ரீன். அவளுடைய பள்ளிக்கூடம், காலேஜ், கோலாலம்பூரில் வேலைக்குப் போக வாங்கிய முதல் செருப்பு எல்லாம் அந்தப் புட்டிங்கில் வந்தது. அவளோடு வேலை பார்க்கும் இம்ரானுக்கு ஆம்பூர். அவன் குடும்பம் பெரியது, என்னுடையது சின்னது, அதனால் கல்யாணத்தை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். சரி என்றேன். வெள்ளிக்கிழமை நிக்காஹ், எங்கள் செலவு. ஞாயிற்றுக்கிழமை வலிமா, அவர்கள் விருந்து. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வலிமா பந்தியில் என் கையால் செய்த புட்டிங் ஆளுக்கு ஒரு கிண்ணம் வைக்க வேண்டும். போனில் இம்ரானின் அம்மா ஷமீம், "இதுக்கெல்லாம் கேக்கணுமா ஆப்பா?" என்றாள். ஆப்பா என்றால் அவர்கள் உருதுவில் அக்கா.

பெட்டியில் பாதி, புட்டிங்கை உறையவைக்கும் ஜெலட்டின் பாக்கெட்டுகளாகவே எடுத்து வைத்தேன்.

ஆம்பூரில் நிற்கும் என்று நம்பி ஏறிய ரயில் ஆம்பூரில் நிற்காதாம். டிக்கெட் பரிசோதகர் சொன்னபோது காட்பாடி வந்துகொண்டிருந்தது. பெட்டிகளோடு குதிக்காத குறையாக இறங்கி, ஆற்றைத் தாண்டி வேலூர் போய், ஆம்பூர் பஸ் பிடித்தோம். எங்கள் ஊரில் ரயில் தாமதமானாலும் நிற்கிற இடத்தில் நிற்கும். அதைச் சொன்னதற்கு நஸ்ரீன், "அம்மா, இன்னைக்கு ஒரு நாளாவது ஒப்பிடாம இரு" என்றாள்.

பஸ்ஸில் பெட்டி கவிழ்ந்து ஒரு பாக்கெட் கிழிந்தது. பக்கத்தில் குடியாத்தத்து அம்மா ஒருத்தி, லுங்கிக் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தண்ணீர் பாட்டில் மூடி சரியில்லை. வெயிலில் கொதித்துக் கிடந்த சீட்டில் தூளும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சமையல்காரிக்குச் சொல்ல வேண்டாம்.

"இன்னாம்மா இது, கோந்தா?" என்று அவள் எழுந்தாள். புடவையும் சீட்டும் கூடவே எழுந்தன.

"புட்டிங்குக்குப் போடறதும்மா. சாப்பிடற பொருள்."

"சாப்பிடறதா? எங்க ஊட்டு தறிக்குப் போடுற கஞ்சி கூட இப்டி ஒட்டாதும்மா. வவுத்துல போய் இன்னா பண்ணுமோ!"

பஸ்ஸே சிரித்தது. என் பணத்தில் அவளுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து சமாதானம் செய்தேன்.

ஆம்பூரில் இறங்கியதும் மூக்குக்குத்தான் முதல் வரவேற்பு. ஒரு பக்கம் பிரியாணி, ஒரு பக்கம் தோல். எங்களை ஏற்றிக்கொண்ட ஆட்டோக்காரர் முருகேசன், அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கத்துக்காரர். நான் முந்தானையால் மூக்கைப் பொத்தியதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார். "மொத நாளுதாம்மா அப்டி. அப்புறம் ஊருக்குப் போனீங்கன்னா மூக்கு தேடும்" என்றார். தேடாது என்றேன். இதுவரை தேடவில்லை.

மாப்பிள்ளை வீட்டில் பிரியாணியும் கத்திரிக்காய்க் குழம்பும் வைத்தார்கள். பிரியாணி நன்றாக இருந்தது. ஊரே சொல்லித் திரிகிற அளவுக்கா என்று கேட்டால், ஆமாம், அந்த அளவுக்குத்தான். பிடிக்காததைச் சொல்கிற வாய் பிடித்ததையும் சொல்ல வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் பெட்டியைத் திறந்தேன். பாக்கெட்டுகளை ஷமீமிடம் கொடுத்தேன். அவள் வாங்குவதற்குள் கலீல் பாய் கை நீட்டினார்.

கலீல் பாய் இம்ரானின் பெரியப்பா. இம்ரானின் அப்பா சிறு வயதிலேயே போய்விட்டதால் அந்த வீட்டில் அவர் சொல்தான் சொல். சொந்தமாகத் தோல்ஷாப் வைத்திருக்கிறார். தோல் பதனிடும் இடத்துக்கு இங்கே அதுதான் பெயர். வெள்ளை ஜிப்பா, அத்தர் வாசனை, ஹஜ் செய்தவர். கை மட்டும் சுண்ணாம்பில் ஊறிய முரட்டுக் கை.

"இது இன்னா?"

"ஜெலட்டின். புட்டிங் உறையறதுக்கு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தார்.

"மாட்டுத் தோல்ல எடுத்தது."

"ஆமா. பன்றி இல்ல. இதோ பாருங்க, ஹலால் முத்திரை."

"முத்திரை தெரியுது. அதுக்குக் கீழயும் படிங்க. மூலப்பொருள் எங்க இருந்து வருது?"

படித்தேன். இந்தியா என்று இருந்தது. இருபது வருடமாக அதே பாக்கெட். அந்த வரியை நான் கவனித்ததே இல்லை. உங்கள் நாட்டுப் பெயர் இருந்தால் சந்தோஷம்தானே என்றேன்.

"எங்க ஊட்டு பந்தில இத வெக்க முடியாது, சம்பந்திம்மா. மன்னிச்சுக்கங்க."

"ஏன்?"

"நாங்க தோல்ஷாப்காரங்க. இந்த மாதிரி ஆடுற பண்டம் எதையும் தொட மாட்டோம். எங்க புள்ளைங்களுக்கு ஜெல்லி மிட்டாய் கூட கெடையாது. ஐஸ்கிரீமே விசாரிச்சுதான் வாங்குவோம்."

பிறகு கேட்டால், உண்மைதானாம். அந்தத் தெருவில் பல வீடுகளில் அப்படித்தான். வெளியூரில் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு சிகரெட்டைப் பற்றிச் சொல்வார்களோ இல்லையோ, ஜெல்லியைப் பற்றிச் சொல்லி அனுப்புவார்கள்.

ஷமீம் நல்ல பெண். "ஆப்பா, கடல்பாசில பண்ணிடலாமே? நோன்புக்கு நாங்க அதான் பண்ணுவோம். சூப்பரா வரும்" என்றாள்.

கடல்பாசி எனக்குத் தெரியாதா? அது உறையும், ஆடாது. கரண்டி பட்டால் கண்ணாடி மாதிரி உடையும். என் புட்டிங் நடுங்க வேண்டும், நாக்கில் பட்டதும் கரைய வேண்டும். ஆனால் அதுகூட இரண்டாம் பட்சம். இன்று கடல்பாசிக்கு மாறினால், இத்தனை நாள் விற்றது ஹராம் என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும்.

அப்போது பாயில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் உருதுவில் ஏதோ பேசிக்கொண்டார்கள். நஸ்ரீனின் முகம் மாறியது. இம்ரானிடமிருந்து அவள் உருது கற்றுக்கொண்டது அவர்களுக்குத் தெரியாது. என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றாள். தொடையில் கிள்ளினேன்.

காதருகில் சொன்னாள்: "'அப்போ இந்தப் பொண்ணு ஹராம் வித்த காசுல வளர்ந்ததா?'ன்னு ஒருத்தங்க கேட்டாங்க. 'மெதுவா பேசு, விளங்கிடப் போகுது'ன்னு இன்னொருத்தங்க சொன்னாங்க."

அதற்குப் பிறகு அது புட்டிங் சண்டை இல்லை. நான் விமானம் ஏறிப் போய்விடுவேன். என் மகள் அந்த வீட்டு மருமகள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம், பிள்ளை பெறும்போதெல்லாம் அந்த வார்த்தை அவளுக்கு முன்னால் வந்து கதவைத் திறக்கும். புட்டிங் பந்தியில் ஏறியே ஆக வேண்டும், அதுவும் எல்லோர் கண்ணெதிரிலும்.

வியாழக்கிழமை காலையில் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைப் பார்க்கப் போனேன். மெலிந்த மனிதர், பொறுமையாகக் கேட்டார். ஒரு பொருள் முழுவதும் மாறி வேறு பொருளாகிவிட்டால் பழைய சட்டம் அதற்குப் பொருந்தாது என்று சொல்லும் ஆலிம்கள் உண்டு, ஜெலட்டின் அப்படி மாறவில்லை என்று சொல்பவர்களும் உண்டு என்றார். முறைப்படி அறுத்த மாட்டுடையது என்று தெரிந்தால் பேச்சே இல்லை, ஹலால். தெரியாவிட்டால்தான் இத்தனை கருத்தும்.

"நீங்க என்ன சொல்றீங்க, ஹஜ்ரத்?"

"சந்தேகமானத விட்டுட்றது நல்லதும்மா."

"சந்தேகம் எனக்கு இல்லையே. அவருக்குத்தானே?"

ஹஜ்ரத் சிரித்துவிட்டார். "அப்போ அவர்கிட்டயே கேளுங்க. அவர் ஏன் சந்தேகப்படறாருன்னு அவருக்குத்தான் தெரியும்."

கேட்டேன். தோல்ஷாப்பைக் காட்டுங்கள் என்றேன். "அது பொம்பளைங்க வர்ற எடம் இல்ல" என்றார் கலீல் பாய். "அங்க பொம்பளைங்க வேலை செய்யலையா?" என்றேன். அவர் காரில் ஏறிப் போனார். நான் முருகேசன் ஆட்டோவில் பின்னாலேயே போனேன். வழியில் பாலாறு. மணலும் முள்செடியும்தான் இருந்தது. எங்கள் கிள்ளான் ஆறும் ஒன்றும் பன்னீர் இல்லை என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

உள்ளே போனதும் கண் எரிந்தது. ஒரு கொட்டகை நிறைய உப்புப் போட்ட தோல்கள், போர்வை மடித்து அடுக்கின மாதிரி. தள்ளி, வீடளவு மர உருளைகள் சுற்றிக்கொண்டிருந்தன. கலீல் பாய் கோபமாக இல்லை. தன் இடத்துக்கு வந்ததும் ஆள் நிமிர்ந்துவிட்டார். அடுக்கிலிருந்து ஒரு தோலை இழுத்து விரித்தார்.

"இது ஹலாலி. அறுத்த மாடு. ரத்தம் பூரா எறங்கிருக்கு, பாருங்க, சுத்தமா இருக்குது." இன்னொன்றை இழுத்தார். உட்பக்கம் மரக்கிளை மாதிரி நரம்பு ஓடியிருந்தது. "இது முர்தார். தானா செத்த மாடு. ரத்தம் உள்ளயே நின்னுடுச்சு. நரம்பு காட்டிக் குடுத்துடும். வாங்கும்போது பிரிச்சு பாத்துதான் வாங்குவோம். முர்தாருக்கு மதிப்பு கம்மி."

"வாங்கின பிறகு?"

"அப்புறம் எல்லாம் ஒரே சுண்ணாம்புத் தொட்டில போய்டும்."

"சேர்ந்தா?"

"சேர்ந்துதான். பதனிட்டா செத்த மாட்டுத் தோலும் சுத்தம். மார்க்கத்துல இருக்குது. செருப்பு தெக்கலாம், பை தெக்கலாம். அதனால பிரிச்சு வெக்க வேண்டிய அவசியமே எங்களுக்கு இல்ல. ஆனா உங்க பாக்கெட்டு பதனிட்ட தோல்ல இருந்து வரல, சம்பந்திம்மா. அதுக்கு முன்னாடி, சுண்ணாம்புல இருந்து தூக்கி ஓரம் வெட்டுறோமே, அந்தத் துண்டுல இருந்து வருது. அதுல எது ஹலாலி, எது முர்தாருன்னு, பொறந்ததுல இருந்து தோல் பாக்குற என்னாலயே சொல்ல முடியாது. எங்கயோ உக்காந்து முத்திரை குத்துறவன் சொல்லிடுவானா?"

வாயடைத்துப் போனேன் என்று எழுதினால் அது பொய். யோசித்தேன். அந்த மனிதர் சொன்னதில் நியாயம் இருந்தது. பன்றியா மாடா என்று பார்ப்பதோடு நாங்கள் நிறுத்திவிடுகிறோம். எந்த மாடு என்று யாரும் கேட்பதில்லை. இங்கே கொட்டகையில் அதற்குப் பெயரே இருக்கிறது, இரண்டு பெயர்.

அப்போதுதான் லாரியைப் பார்த்தேன். பின்பக்க வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஈரமான வெள்ளைத் துண்டுகளை, சவ்வும் ஓரமுமாக, கூடை கூடையாக அதில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அது எங்க போகுது?" என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார். மேஸ்திரி பாவம், கேட்டதற்குப் பதில் சொல்கிற பழக்கம் உள்ளவர். "பசை கம்பெனிக்குப் போவும்மா. ஜெலட்டின்காரங்களும் எடுப்பாங்க" என்றார்.

"பாய், இது உங்க சரக்குதானே?"

"அது குப்பம்மா. வெச்சிருந்தா நாறிடும். கேக்குறவனுக்குக் குடுக்குறேன்."

"சும்மாவா குடுக்கறீங்க?"

அவர் விரித்திருந்த தோலை மடிக்க ஆரம்பித்தார்.

"என்ன பண்ணப் போறான்னு கேட்டீங்களா?"

"நான் ஏன் கேக்கணும்? வித்தாச்சு. அவன் பாடு."

"நான் கேட்டேன், பாய். கடையில நின்னு கேட்டேன். மாடா, பன்றியான்னு கேட்டேன். முத்திரை இருக்கான்னு பார்த்துத்தான் வாங்கினேன். கேட்டு வாங்கினவ ஹராம் வித்தவ. கேக்காம வித்தவர் ஹாஜியாரா?"

கூடை தூக்கிய ஆட்கள் நின்றுவிட்டார்கள். உருளை மட்டும் சுற்றியது.

"சம்பந்திம்மா," என்றார் கலீல் பாய், குரலைத் தணித்து. "நாளைக்கு நிக்காஹ்."

"தெரியும். அதனாலதான் இன்னும் மரியாதையா பேசிக்கிட்டிருக்கேன்."

திரும்பும்போது முருகேசன் பாதி வழியில் ஆட்டோவை ஓரங்கட்டினார். எங்கள் பேச்சு வாசல்வரைக்கும் கேட்டிருக்கிறது. "யம்மா, அந்தாளுகிட்ட ஊர்ல ஒருத்தரும் இப்டி பேசினது இல்ல. நாளைக்கு என் ஆட்டோ வேணும்னா சொல்லுங்க, வேணாம்னாலும் சொல்லுங்க. நான் இந்த ஊர்லதான் ஓட்டணும்" என்றார். வேண்டும் என்றேன். வந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மண்டபத்தின் பின்பக்கம் ஆடுகள் வந்து இறங்கின. செலவு என்னுடையது. ஆனால் கலீல் பாய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்து உட்கார்ந்தார். முந்தின நாள் சண்டையால் வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். பிரியாணி மாஸ்டர் சொன்னார்: "அவங்க குடும்பத்துல எந்த விசேஷம்னாலும் பெரிய பாய் நாற்காலி போட்டாதாம்மா நாங்க அடுப்பு பத்த வெப்போம். யாரையும் நம்ப மாட்டாரு. ஒரு ஆடு விடாம, பிஸ்மில்லா சொல்றது காதுல விழணும், ரத்தம் நல்லா எறங்கறது கண்ணுல தெரியணும்."

அப்படித்தான் இருந்தது. கசாப்புக்காரர் ஒருமுறை மெதுவாக ஓதினார் போல, "சத்தமா" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

நான் சமையல்கட்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் கல்யாணக் கறி வெட்டி, கழுவி, பையில் போட்டு லாரியில் வரும். பை மேல் முத்திரை. இங்கே முத்திரை நாற்காலியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தது. சுவரோரம் கால்கள் குவிந்துகொண்டே போயின, ஒரு சின்ன மேடாக.

எங்கள் ஊர் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளில் ஆட்டுக்கால் சூப்புக்கு ரொம்பப் பெயர். மீந்த சூப்பைக் குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் கத்தியால்தான் வெட்ட வேண்டும். தட்டினால் ஆடும். என் புட்டிங் மாதிரியே ஆடும்.

முந்தானையைச் செருகிக்கொண்டு பின்பக்கம் இறங்கினேன்.

தலையும் காலும் அறுப்பவருக்கு என்பது அங்கே வழக்கம். கசாப்புக்காரர் சாக்கை விரித்துவிட்டார். "தலை உங்களுக்கு. கால் எனக்கு வேணும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா இது, பொண்ண குடுத்துட்டு கால வாங்கினு போறீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கலீல் பாய் சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் குடுத்துடு" என்றார் கசாப்புக்காரரிடம். எதற்கு என்று என்னைக் கேட்கவில்லை.

ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். என் கணவரின் தம்பி அன்று காலைதான் வந்து இறங்கி, அப்பா ஸ்தானத்தில் 'வலி'யாக உட்கார்ந்தார். நஸ்ரீன் சம்மதம் சொன்ன குரல் திரைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. என் மகள்தான். அழுதேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன்.

சனிக்கிழமை முழுக்க மண்டபத்துச் சமையல்கட்டில் இருந்தேன். கால்களைத் தீயில் வாட்டி, முடி சுரண்டி, உடைத்து, பாதியைப் பெரிய தேக்சாவில் போட்டு, கொதிக்கவிடாமல் சின்னத் தீயில் வைத்தேன். வடிகட்டி, கொழுப்பை எடுத்து, பாலும் சர்க்கரையும் மாம்பழக் கூழும் கலந்து ஒரு கிண்ணம் உறைய வைத்துப் பார்த்தேன். உறைந்தது. ஆடியது. வாயில் வைத்தால், மாந்தோப்பில் ஆடு செத்துக் கிடந்த மாதிரி இருந்தது.

பிரியாணி மாஸ்டர் ஒரு கரண்டி தின்றுவிட்டு, "புதுசாதான் இருக்குது" என்றார். மனிதர் நாகரிகமானவர்.

அந்த நேரம் பார்த்து நஸ்ரீன் வந்தாள், கையெல்லாம் மருதாணி. "அம்மா, போதும்மா. விட்டுடு. அவங்க என்ன சொன்னா என்ன? இம்ரான் ஒண்ணும் சொல்லலியே."

"இம்ரான் ஒண்ணும் சொல்லலதான். எனக்காகவும் ஒண்ணும் சொல்லல, அவங்களுக்காகவும் ஒண்ணும் சொல்லல. மாப்பிள்ளைங்க அப்படித்தான். எலுமிச்சம்பழம் எடு."

"மருதாணிக் கையோடயா?"

"புளிப்பு பட்டா நிறம் நல்லாப் பிடிக்கும். பிழி."

மிச்சக் கால்களில் அந்தச் சாற்றைத் தேய்த்து, இரண்டு முறை கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, மூன்றாவது தண்ணீரில் இஞ்சியும் ஏலக்காயும் போட்டு ஆரம்பித்தேன். சாயங்காலம் வடிகட்டி, முட்டை வெள்ளைக்கரு அடித்து ஊற்றித் தெளியவைத்து, மெல்லிய துணியில் இன்னொரு முறை வடித்தபோது தேயிலைத் தண்ணீர் மாதிரி தெளிவாக இறங்கியது. முகர்ந்தேன். கொஞ்சம் இருந்தது, ஒரு ஓரத்தில். இருக்கட்டும் என்று பாலும் சர்க்கரையும் மாம்பழமும் கலந்து கிண்ணங்களில் ஊற்றினேன்.

மண்டபத்தில் அவ்வளவு பெரிய குளிர்பெட்டி இல்லை. கடைத்தெருவில் ஐஸ்கிரீம்காரர் இடம் கொடுத்தார். கிண்ணங்களைத் தட்டுகளில் அடுக்கி முருகேசன் ஆட்டோவில் ஏற்றினோம். நானும் நஸ்ரீனும் மடியில் ஆளுக்கு ஒரு தட்டு. வேகத்தடை வரும்போதெல்லாம் முருகேசன் ஆட்டோவை நிறுத்தி, பெருமூச்சு விட்டு, ஒரு சக்கரமாக ஏற்றினார்.

"இன்னாபா, புள்ளதாச்சி சவாரியா?" என்று பின்னால் பைக்கில் வந்தவன் கத்தினான்.

"ஆட்டுக்காலு சவாரி, போடா!" என்றார் முருகேசன்.

ஞாயிற்றுக்கிழமை வலிமா. பிரியாணி, கத்திரிக்காய், பிரெட் அல்வா. பந்தியின் ஓரத்தில் ஒரு மேசை போட்டு என் கிண்ணங்களை வைத்துவிட்டு அதன் பின்னால் நின்றேன். இரவுச் சந்தையில் நிற்பது போலவே நின்றேன். யாரும் தொடவில்லை. பார்த்தார்கள், போனார்கள். புதன்கிழமை பாயில் உட்கார்ந்து உருது பேசிய இரண்டு பேரும் வந்து பார்த்தார்கள். குழந்தைகள் தட்டிவிட்டு அது ஆடுவதைப் பார்த்தார்கள். அம்மாக்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். என் மகள் பட்டிலும் பூவிலும் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலீல் பாய் பந்தியை மேற்பார்வை பார்த்தபடி வந்தார். மேசைக்கு முன் நின்றார்.

"எதுல உறைஞ்சது?"

"ஆட்டுக்கால்ல."

"எந்த ஆடு?"

"வெள்ளிக்கிழமை நாற்காலி போட்டு உக்காந்து பார்த்தீங்களே, அந்த ஆடு. சத்தமா ஓதச் சொன்னீங்களே, அந்த ஆடு. ஹலாலியா, முர்தாரான்னு நீங்களே சொல்லுங்க. நான் முத்திரை எதுவும் ஒட்டல."

அவர் ஒரு கிண்ணத்தை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தார், தோல் பார்க்கிற அதே கண்ணால். பிஸ்மில்லா சொன்னார். சத்தமாகத்தான் சொன்னார். ஒரு கரண்டி வாயில் போட்டு, நாக்கில் உருட்டிப் பார்த்தார்.

"லேசா ஆட்டு வாசன அடிக்குது."

"அடிக்கும். எந்த உயிர்ல இருந்து வந்ததுன்னு அதுவே சொல்லுது. பாக்கெட் சொல்லாது."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். கலீல் பாய் கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டு, உருதுவில் அந்தப் பெண்களைப் பார்த்து ஒரு வரி சொன்னார். நஸ்ரீன் பிறகு சொன்னாள்: "'சம்பந்தி பொருள் ஹலால். எடுத்து சாப்பிடுங்க'ன்னார்."

பதினைந்து நிமிடத்தில் மேசை காலி. அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி இரண்டாவது கிண்ணம் கேட்டாள். தீர்ந்துவிட்டது என்றேன். மேசைக்கு அடியில் ஒன்று இருந்தது. அது முருகேசனுக்கு.

சிலருக்கு இது போதும் என்று தோன்றலாம். எனக்குப் போதவில்லை. இத்தனை வருடம் விற்றது ஹராம் என்று இன்றும் சொல்ல மாட்டேன். தெரிந்த அளவு கேட்டேன், கேட்ட அளவு செய்தேன். இப்போது கூடக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது, அதனால் கூடக் கொஞ்சம் கேட்பேன். முத்திரை குத்துகிறவர்களிடம் போய் நின்று மாடா பன்றியா என்று இனி கேட்க மாட்டேன். ஹலாலியா, முர்தாரா, யார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தது என்று கேட்பேன். பதில் வரும்வரை என் கடைப் புட்டிங் ஆட்டுக்காலில்தான் உறையும். வாசனை பிடிக்காதவர்கள் வேறு கடைக்குப் போகலாம்.

திங்கட்கிழமை காலை கிளம்பும்போது கலீல் பாய் ஆட்டோ வரைக்கும் வந்தார். ஒரு பெரிய டப்பாவில் பிரெட் அல்வா கொடுத்தார்.

"ஊர்ல போய் எழுதுவீங்களாமே? நஸ்ரீன் சொல்லுச்சு."

"ஆமா."

"எழுதுங்க. கல்யாணத்தப் பத்தி எழுதுங்க, பிரியாணியப் பத்தி எழுதுங்க. நான் கூட ரெண்டு வார்த்த திட்டு வாங்கினாலும் பரவாயில்ல." ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "லாரிய மட்டும் விட்ருங்க, சம்பந்திம்மா."

"நீங்க லாரிய நிறுத்துங்க, பாய். நான் விட்டுடறேன்."

அவர் கம்பியை விட்டார்.

ஸ்டேஷனுக்கு நேர் வழி வேறு. தோல்ஷாப் பக்கமாகப் போகச் சொன்னேன். முருகேசன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் திருப்பினார். பின்பக்க வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது. கூடைகள் ஏறிக்கொண்டிருந்தன. மேஸ்திரி என்னைப் பார்த்துவிட்டு வணக்கம் வைத்தார்.

எழுதிவிட்டேன்.